ஊற்றில்லாத ஊரில் வெந்நீராட்டம்

தமிழில் நீருக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. சுடுகின்ற நீருக்கென்று ஒரு தனிச்சொல் மட்டும் இல்லை. வெம்மையையும் நீரையும் கூட்டி வெந்நீர் என்கிறோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் சுடுதண்ணி என்கிறோம். குளித்தல் என்னும் வினையே குளிர் என்னும் சொல்லின் உறவு என்று கருதுவாரும் உளர். வெயில் ஆறாத நாட்டில் உடம்பைக் குளிர்விப்பதே ஸ்நானத்தின் முதற் பிரயோஜனமாக இருந்தமையால் அக்கருத்துப் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஜப்பானியரோ தண்ணீரை மிஸு என்றும் வெந்நீரை யு என்றும், ஒன்றோடொன்று ஒலியுறவே இல்லாத இரு சொற்களால், இரு வேறு வஸ்துக்களைச் சுட்டுவதுபோலவே சுட்டுகின்றனர்.

மொன்றியலில் குடியேறிய தமிழர், முதலிற் சொன்ன மொழிக்குரிய சரீரத்தோடு பிறந்து, பின்னர்ச் சொன்ன மொழிக்கேற்ற சீதோஷ்ணத்தில் வாழ நேர்ந்தவர்கள். தை மாதத்துச் சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பாகையை ஒட்டி நிற்கும் இந்நகரிலும் இதன் சுற்றுப்புறங்களிலும், சென்ற கால் நூற்றாண்டுக்குள் வெந்நீர்த் தொட்டிகளும் ஆவியறைகளும் கொண்ட நீராட்டகங்கள் பல தோன்றியிருக்கின்றன. ஜப்பானுக்கு யாத்திரை போய் மீண்டவர்கள் அங்கே ஒன்சென் எனப்படும் வெந்நீரூற்றில் மூழ்கியிருந்த கதையை, பார்த்து வந்த கோயில்களின் கதைக்கும் முன்னதாகவே சொல்லத் தொடங்குகின்றனர். இந்தக் கவர்ச்சியின் மூலம் பூமியின் உள்வெப்பத்தில் இருக்கிறதா, நீரிற் கரைந்த தாதுக்களில் இருக்கிறதா, அல்லது மனிதர் தமக்கென்று அமைத்துக்கொண்ட ஒரு முறைமையில் இருக்கிறதா என்பதை, ஜப்பான், ஈழம், மொன்றியல் என்னும் மூன்றிடங்களையும் அருகருகே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்தின் கணக்கு

வெந்நீரூற்று உண்டாக வேண்டுவன மூன்று: மண்ணில் ஊறும் மழைநீர், அது ஆழத்துக்கு இறங்கி மீண்டும் மேலேறுவதற்குப் பாறையிலே பிளவு, இறங்கிய இடத்தில் அதைக் காய்ச்சுவதற்கு வெப்பம். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்ப்புள்ள எரிமலைகளைத் தன் முதுகிலே சுமந்துகொண்டிருக்கும் ஜப்பானில் இம்மூன்றும் ஏராளம்; பெப்பு என்னும் ஒரே நகரில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊற்றுக்கண்கள் இருக்கின்றன. ஆயினும் எரிமலை இல்லாமலே வெந்நீர் பிறக்கலாம் என்பதற்கு, திருகோணமலைக்கு வடமேற்கே சில மைல் தொலைவிலுள்ள கன்னியா சாட்சி. அங்கே நீர் பாறைப் பிளவுகளின் வழியே வெகு ஆழம் இறங்கி, பூமியின் இயல்பான வெப்பத்தினாலேயே சூடேறி மேலே வருகின்றது.

மொன்றியலில் இவ்விரு வழிகளும் அடைபட்டுக் கிடக்கின்றன. நகரின் நடுவே 233 மீட்டர் உயரத்தில் நிற்கும் மவுண்ட் ரோயல் ஓர் அணைந்த எரிமலை என்று இங்குள்ள பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுண்டு. அது முற்றும் சரியன்று. ஏறத்தாழப் பன்னிரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய பாறைக்குழம்பு மேலே வரமுயன்று, வழியிலேயே நிலத்தடியில் உறைந்துபோக, அதைப் போர்த்திருந்த மென்பாறைகள் காலக்கிரமத்தில் அரிபட்டுப்போனதால் வெளிப்பட்ட கருங்கற் குவியலே அம்மலை. அதனுள்ளே இருந்த வெப்பம் எப்போதோ ஆறிவிட்டது.

கனடாவில் வெந்நீரூற்றே இல்லை என்பதில்லை. அவை நாட்டின் மேற்கே, றொக்கி மலைத்தொடரில் இருக்கின்றன. 1883ஆம் ஆண்டில் பான்ஃப் என்னும் இடத்தில் இரயில்பாதை வேலையாட்கள் மூவர், ஆவி எழும் ஒரு குகையைக் கண்டார்கள். அப்பிரதேசத்து ஆதிக்குடிகள் அதைக் காலங்காலமாக அறிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். அந்த ஊற்றுகளின் உரிமை பற்றி எழுந்த பிணக்குகளை அடுத்து 1885இல் அரசாங்கம் அந்நிலத்தைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ள, கனடாவின் முதலாவது தேசியப் பூங்கா அந்த ஒதுக்கீட்டிலிருந்தே வளர்ந்தது. அங்கே 1888இல் பெரிய விடுதியை எழுப்பியது கனேடியன் பசிபிக் இரயில் நிறுவனம். அதன் தலைமையகமோ மொன்றியலில் இருந்தது. கனடாவின் வெந்நீர் யாத்திரை மொன்றியலில் இருந்துகொண்டே திட்டமிடப்பட்டது. மொன்றியல்வாசி அதை அனுபவிக்க மூவாயிரம் கிலோமீட்டருக்குமேல் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது.

ஆக, இந்நகரின் வெந்நீர் நிலத்திலிருந்து வருவதன்று. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, லா கிராண்ட் நதியின் பனிக்கட்டி போன்ற நீர் விழுந்து சுழற்றும் மின்னாலைகளில் போய் முடியும். குளிர்ந்த நதியின் வீழ்ச்சி மின்சாரமாகிக் கம்பி வழியே வந்து, வீட்டு நிலவறையிலுள்ள வெந்நீர்க் கொள்கலனில் உஷ்ணமாக மாறுகிறது. பூமியின் வயிற்றில் காயாமல் ஆற்றின் பாய்ச்சலிலே காயும் வெந்நீர் இது.

ஜப்பானியர் கண்ட முறை

ஒன்சென் என்னும் பெயரைக் கண்டவிடத்தெல்லாம் சூட்டிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊற்றுக்கண்ணில் 25 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூடோ, குறிப்பிட்ட பத்தொன்பது பொருள்களில் ஒன்று விதித்த அளவிலோ இருந்தாலே அது ஒன்சென். இருபத்தைந்து பாகை என்பது நம்மூர்க் கிணற்றுநீரின் சூட்டைக்கூட எட்டாது. அந்தக் கணக்குப்படி யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வளவிலும் ஓர் ஒன்சென் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எனவே சட்டம் சொல்லும் இலட்சணத்தைக் கொண்டு அதன் கவர்ச்சியை விளக்க முடியாது. ஜனங்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

வாசலில் ஆடவர்க்கு ஒன்றும் பெண்டிர்க்கு ஒன்றுமாகத் துணித்திரைகள் தொங்குகின்றன. உள்ளே சென்றவர் ஆடை முழுவதையும் களைந்து கூடையில் வைத்துவிட்டு, சிறு முக்காலியில் அமர்ந்து, வாளி நீரால் உடம்பைத் தேய்த்துக் கழுவி, சவர்க்காரத்தின் கடைசி நுரையும் போனபின்னரே பொதுத்தொட்டியில் இறங்கலாம். அழுக்கு நீக்குவதற்கு வேறிடம், அமர்ந்திருப்பதற்கு வேறிடம் என்னும் இந்தப் பிரிவினையே அம்முறையின் உயிர்நாடி. தொட்டியில் சவர்க்காரம் கூடாது, நீச்சல் கூடாது, கொண்டுவந்த சிறு துவாலையை நனைக்கவும் கூடாது; அதை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, நாற்பது முதல் நாற்பத்திரண்டு பாகைச் சூட்டில், கழுத்தளவு நீரில், ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும். உத்தியோகத்தின் அடையாளமெல்லாம் கூடையோடு போய்விடுவதால், மேலதிகாரியும் சிற்றாளும் அங்கே இரண்டு தலைகள் மட்டுமே. நிர்வாணத்தில் உண்டாகும் இத்தோழமைக்கு அந்நாட்டில் தனிச்சொற்றொடரே வழங்குகிறது. பச்சை குத்திய உடம்பினரைப் பல இடங்களில் இன்றும் உள்ளே விடுவதில்லை என்பது இச்சமத்துவத்துக்கு ஒரு விலக்கு.

இம்மரபு நேற்று முளைத்ததன்று. 733ஆம் ஆண்டில் முடிந்த இஸுமோ நாட்டு விவரண நூல் தமத்ஸுகுரி ஊற்றின் மகிமையைக் கூறுகிறது. மத்ஸுயாமா நகரத்து தோகோ ஊற்றின் மூன்றடுக்கு மண்டபம் 1894இல் எழுந்து, நத்ஸுமே ஸோசெகியின் ‘பொச்சான்’ நாவலால் நாடெங்கும் பிரசித்தியடைந்தது. குஸத்ஸுவில் ஊற்றுநீர் தாங்கமுடியாத சூட்டோடும் கடும் அமிலத்தோடும் பொங்குவதால், அதில் தண்ணீர் கலந்தால் வீரியம் குறைந்துவிடும் என்று எண்ணி, பெண்கள் நீண்ட பலகைகளால் பாட்டுப் பாடிக்கொண்டே துழாவி ஆற்றுகிறார்கள். கம்பங்கூழை ஆற்றும் நம் கிழவிகளின் பொறுமையை அதில் காணலாம். கினொஸாகியில் ஏழு பொதுநீராட்டகங்கள். விருந்தினர் பருத்தி அங்கியும் மரச்செருப்புமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வீதி வழியே நடக்கின்றனர். நோயாளிகளும், அறுவடை முடித்த குடியானவர்களும் வாரக்கணக்கில் ஊற்றருகே தங்கி நீராடிய வழக்கத்தை தோஜி என்பர். ஆனால் ஊற்றில்லாத ஊர்களும் ஜப்பானில் பல. அவற்றுக்காகவே ஸெந்தோ என்னும் வெந்நீர் மண்டபங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. குழாய்நீரைக் காய்ச்சி நிரப்பிய அந்தத் தொட்டிகளிலும் அதே முக்காலி, அதே ஓய்வு, அதே தோழமை. 1960களின் இறுதியில் ஏறத்தாழப் பதினெண்ணாயிரமாக இருந்த அவை, வீடுதோறும் குளியலறை வந்தபின் இன்று இரண்டாயிரத்துக்கும் குறைந்துவிட்டன. இந்த ஸெந்தோவை வாசகர் மறவாதிருப்பாராக. கட்டுரையின் முடிவு அதைச் சார்ந்தது.

நம் தீர்த்தங்கள்

கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள், ஒன்றின் சூடு மற்றொன்றைப் போலில்லாமல், அருகருகே சதுரமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தாய் இறந்தாள் என்று கேள்வியுற்ற இராவணன் அந்திமக் கிரியைக்கு நீர் வேண்டி வாளால் நிலத்தைக் குத்திய ஏழிடங்கள் அவை என்பது ஐதிகம். இறந்தவர்க்குரிய கிரியைகளை அங்கே செய்யும் வழக்கம் அந்த ஐதிகத்தோடு ஒட்டி வளர்ந்தது. அங்கே எவரும் நீரில் அமிழ்ந்திருப்பதில்லை. வாளியால் அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்கு நகர்கின்றனர். பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தின் உரிமை பற்றிய பிணக்கினால் 2019ஆம் ஆண்டில் தமிழர் அங்கே திரண்டு நின்றதையும் நினைக்கும்போது, ஓர் ஊற்று ஒரு சமூகத்தின் ஞாபகத்தில் எத்தனை ஆழத்தில் ஊறுகிறது என்பது விளங்கும்.

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியோ சூடற்றது. சுண்ணக்கற் பாறையினூடே ஒழுகிவரும் மழைநீர் கடலோரத்தில் நன்னீராக வெளிப்பட, ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் வெவ்வேறு கேணிகள் கட்டிவைத்தார்கள். கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும் குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் அங்கே நீராடி மனித முகம் பெற்றனர் என்பது தலபுராணம். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் அங்கே தீர்த்தமாடுவர். அக்கேணி அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் போரினால் இடம்பெயர்ந்தபோது இழந்தவற்றின் பட்டியலில், வீட்டுக்கும் வயலுக்கும் பக்கத்தில் இந்தக் கேணியையும் வைத்துச் சொன்ன முதியவர்கள் பலர்.

இவ்விரண்டு தீர்த்தங்களிலும், சனிக்கிழமை எண்ணெய் முழுக்கிலும், தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவை இட்டுக் காய்ச்சி, சித்திரை வருடப்பிறப்பன்று பெரியவர்கள் நம் தலையில் தேய்க்கும் மருத்துநீரிலும் பொதுவாக ஒன்றைக் காணலாம்: நம் நீராட்டு ஏதேனும் ஒரு கடமையின் அங்கம். துக்கம் கழிக்க, தோஷம் கழிக்க, பழைய ஆண்டைக் கழிக்க நீராடுகிறோம். கழித்தவுடன் ஈரம் துவட்டிக்கொண்டு கரையேறிவிடுகிறோம். நீரிலேயே சற்று இருந்துவிட்டு வருவது என்பது நம் விதிகளில் இல்லை. சும்மா இருத்தலை ஞானத்தின் உச்சமாகத் தாயுமானவரும் அருணகிரியாரும் போற்றிய மரபு நம்முடையது. அந்தச் சும்மா இருத்தலுக்கு ஜப்பானியர் ஒரு தொட்டி கட்டிவிட்டார்கள்.

மொன்றியலின் பழைய குளியல் மண்டபங்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரத்துத் தொழிலாளர் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் குளியற்றொட்டி கிடையாது. தொற்றுநோய்க்கு அஞ்சிய சுகாதார இயக்கத்தாரின் வற்புறுத்தலால் நகரசபைகள் பொதுக் குளியல் மண்டபங்களைக் கட்டலாயின. அப்போது தனி நகராக இருந்த மெஸொன்னெவ் 1916இல் திறந்த மண்டபம், இன்று மோர்கன் குளியல் மண்டபம் எனப்படுவது, தூண்களும் சிற்பங்களுமாக ஓர் அரண்மனையைப்போல் நிற்கின்றது. மாரியஸ் டுஃப்ரேன் அதன் கட்டடக் கலைஞர். குளிக்கவந்த ஏழைச் சிறுவர்கள் அல்ஃபிரட் லலிபெர்த்தே வடித்த நீராடும் சிறுவர்களின் சிலையைக் கடந்தே உள்ளே போனார்கள். 1927இல் ஜெனெரே மண்டபமும், 1931இல் செயின்ட் லோரன்ட் வீதியில், அதற்காக வாதாடிய நகரசபை உறுப்பினர் ஜோசப் ஷுபெர்ட்டின் பெயரைத் தாங்கும் மண்டபமும் எழுந்தன. அதே வட்டாரத்தில் குடியேறிய கிழக்கு ஐரோப்பிய யூதர், தம் நாட்டு வழக்கப்படி ஆவிக்குளியல் மண்டபம் அமைத்துக்கொண்டு, சனங்கள் நெருங்கிய வாடகை வீடுகளிலிருந்து வாரம் ஒருநாள் அங்கே போய் வியர்வை சிந்தினர்.

பின்னர் ஜப்பானிய ஸெந்தோவுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. வீடுதோறும் குளியலறை வந்தது; மண்டபங்கள் சில மூடப்பட்டன, சில நீச்சற்குளங்களாக மட்டும் எஞ்சின. ஜெனெரே மண்டபம் இன்று தொழிலாளர் வாழ்க்கையைக் காட்டும் நூதனசாலை; நீர் வடிந்த குளத்தின் ஓடுபதித்த தரையில் இறங்கி நின்று கண்காட்சியைப் பார்க்கலாம். குளிக்கும் வசதி பெருகியது. கூடிக் குளிக்கும் வழக்கம் போயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள், உள்ளே ஒருவர் என்பதே இன்றைய நாகரிகத்தின் ஸ்நானம்.

விலைக்கு வந்த நீராட்டு

அந்த வெற்றிடத்தைத்தான் புதிய நீராட்டகங்கள் நிரப்பின. அவை பெரும்பாலும் வழிகாட்டியாகக் கொண்டது ஜப்பானையன்று, ஸ்காண்டிநேவியாவை. முதலில் ஆவியறையிலோ வெந்நீரிலோ பத்துப் பதினைந்து நிமிஷம், அடுத்துப் பனிக்கட்டி போன்ற நீரில் ஒரு முழுக்கு, அதன்பின் போர்வைக்குள் அசையாத ஓய்வு. இந்தச் சுற்றை மூன்று நான்கு முறை செய்வர். 1999இல், மொன்றியலுக்கு வடக்கேயுள்ள மோன் திரம்பிளானில் டியாப்ள் நதிக்கரையில் வேரூன்றிய இவ்வழக்கம், 2009இல் பழைய மொன்றியலின் கல்வீதியொன்றுக்கு வந்து சேர்ந்தது. 2010இல், முன்னொரு காலத்தில் சொரெல் நகரிலிருந்து செயின்ட் லோரன்ஸ் நதியைக் கடக்கும் படகாகவும், பிறகு மிதக்கும் நாடகமேடையாகவும் இருந்த ஒரு கப்பல், போத்தா போத்தா என்னும் பெயரோடு பழைய துறைமுகத்தில் நீராட்டகமாக நங்கூரமிட்டது. பனி கொட்டும் மாலையில் அதன் மேற்றட்டுத் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்து, தலைமயிர் உறைந்து வெள்ளையாக, உறைந்த ஆற்றையும் பழைய தானியக் களஞ்சியத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, பனிக்காலத்துத் திறந்தவெளி ஒன்சென்னை ஜப்பானியர் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது வேறொருவர் சொல்லாமலே விளங்கும். சூடு இன்பமாவதற்கு அருகிலே குளிர் வேண்டும்; அந்தக் குளிர் மொன்றியலில் ஐந்து மாதம் விலையின்றிக் கிடைக்கிறது.

ஆனால் நீராட்டு விலையின்றிக் கிடைப்பதில்லை. ஜப்பானில் ஒரு சாதாரண ஊற்றுமண்டபத்துக்கு ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலை போதும். இங்கே ஒருமுறை நுழைவதற்கே தொழிற்சாலைக் கூலியாளின் பல மணிநேர உழைப்பை ஈடாக வைக்கவேண்டும். நீச்சலுடை அணிந்து, தம்பதியராகவோ தோழியராகவோ வருவோர் தமக்குள் கிசுகிசுத்துக்கொள்வரே தவிர, அயலாரோடு ஒரு வார்த்தையும் பேச நேர்வதில்லை. மௌனம் அங்கே விதி. அது சுகமான மௌனமே. ஆயினும் அதில் ஊர் இல்லை.

தேகம் என்ன சொல்கிறது

வைத்திய சாஸ்திரத்தின் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். கழுத்தளவு நீரில் உடம்பின் பாரம் பத்தில் ஒரு பங்காகக் குறைய, மூட்டுகள் ஆறுதல் அடைகின்றன. நீரின் அழுத்தம் காலின் இரத்தத்தை மார்புக்கு ஏற்றுகிறது. உஷ்ணம் தோலின் நாளங்களை விரிக்க, இரத்த அழுத்தம் தணிகிறது. உறங்குவதற்கு ஓரிரு மணிநேரம் முன்னர் வெந்நீராடினால், ஏறிய உடற்சூடு இறங்கும்போது நித்திரை எளிதில் வருகிறது. இவையனைத்தும் வெறும் சுடுநீராலேயே கிடைப்பவை. கந்தகத்துக்கும் இரும்புக்கும் நம்பிக்கை ஏற்றிச் சொல்லும் மகிமைகளிற் பல இன்னும் நிரூபணத்தை வேண்டி நிற்கின்றன. எச்சரிக்கையும் அவசியம்: ஜப்பானிலேயே குளிர்காலத்தில் முதியோர் பலர் வீட்டு வெந்நீர்த் தொட்டிகளில் மயங்கி இறக்கின்றனர். இதயநோயாளர், கர்ப்பிணிகள், மது அருந்தியவர் ஆகியோர் கொதிசூட்டையும் திடீர்ப் பனிமுழுக்கையும் விலக்குவதே புத்தி.

முடிவு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்தால் விடை தெளிவாகிறது. கவர்ச்சி நிலவெப்பத்தில் இருந்திருக்குமானால், காய்ச்சிய குழாய்நீரில் நடந்த ஸெந்தோ பதினெண்ணாயிரமாகப் பெருகியிராது. தாதுக்களில் இருந்திருக்குமானால், ஆற்றுமின்சாரத்தில் காய்ந்த நீருக்கு மொன்றியலில் இத்தனை பேர் காசு கொடுக்கமாட்டார்கள். கழுவிவிட்டு இறங்கும் ஒழுங்கு, ஒன்றும் செய்யாதிருக்கும் அனுமதி, பதவியைக் கழற்றிவைத்த அயலவரின் துணை, இவற்றுக்கு வெளியே நின்று காவல்காக்கும் குளிர் ஆகிய நான்குமே அந்தச் சுகத்தின் உபகரணங்கள். கீரிமலைக் கேணிப்படியில் ஊர்க்கதை பேசி நின்றவர்களுக்கு இவற்றுள் மூன்றாவது புதிதன்று. முதலிரண்டையும் கற்றுக்கொள்வதும் அரிதன்று.

மொன்றியலுக்கு ஊற்று இல்லை. ஆனால் குளிர் உண்டு, மலிந்த மின்சாரம் உண்டு, ஏழைகள் குளிக்கவென்றே வரிப்பணத்தில் கட்டிய மண்டபங்களுட் சில இன்னும் நகரின் கையில் உண்டு. அவற்றில் ஒன்றிலேனும், நீச்சற்குளத்துக்கு அருகே, முப்பது பேர் அமரக்கூடிய ஒரு வெந்நீர்த் தொட்டியை, பேருந்துக் கட்டணத்துக்கு மேற்படாத விலையில், பெண்களுக்கென்று தனி வேளைகளோடு திறப்பது நகரசபையின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. குளிர்காலம் முழுதும் நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கும் நம் முதியவர்களுக்கு அதைவிட மலிவான மருந்தை யாரும் இதுவரை எழுதிக்கொடுக்கவில்லை. நான்கு ஆண்டுக்கொருமுறை கார்த்திகைக் குளிரில் வாக்குக் கேட்டு வாசலில் வந்து நிற்கும் வேட்பாளரை, வாசகர்களே, உள்ளே அழைத்து உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, இதையும் கேட்டு அனுப்புங்கள்: எங்கள் வட்டாரத்துக் குளியல் மண்டபத்தில் வெந்நீர்த் தொட்டி எப்போது வரும்?